ஐங்கோணக் கோட்டையும் முள்வேலியும்



ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றி எண்பது ஆண்டுகள் ஆகும் முன்பே, கோட்டை கட்டும் முறையைப் படங்களுடன் விளக்கும் நூல் ஒன்று அச்சில் வெளிவந்துவிட்டது. ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் 1527-ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. அதை எழுதியவர் தளபதியுமல்லர்; அரசருமல்லர். உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஆல்பிரக்ட் டியூரர். மரக்கட்டையில் செதுக்கிய படங்களுக்குப் பேர் போன அவர், தம் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் நகரங்களையும் அரண்மனைகளையும் எவ்வாறு காப்பது என்று சிந்தித்தார். நூல் வந்த மறு ஆண்டே அவர் இறந்து போனார்.

ஓவியருக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்தில் ஓவியம், கணிதம், கட்டடம், போர்க்கலை ஆகியவை தனித்தனித் துறைகளாகப் பிரிந்துவிடவில்லை. லியொனார்டோ டா வின்சி மிலான் நகரத்துப் பிரபுவிடம் வேலை கேட்டபோது, போர்க் கருவிகள் செய்யும் தம் திறமையைத்தான் முதலில் வைத்தார். மைக்கலாஞ்சலோ 1529-ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரத்தின் அரண்களுக்குப் பொறுப்பேற்றார்; அவர் வரைந்த கொத்தளப் படங்கள் இன்றும் இருக்கின்றன. டியூரர் எழுதியதற்கு உடனடிக் காரணமும் ஒன்று உண்டு. 1526-இல் மொகாச் என்னுமிடத்தில் துருக்கியர் படை ஹங்கேரியின் படையை முறியடித்தது. அந்நாட்டு மன்னரும் மாண்டார். அடுத்து யார் கதவைத் துருக்கியர் தட்டுவார்களோ என்று நடு ஐரோப்பா அஞ்சிக்கொண்டிருந்தது.

அச்சத்துக்குப் பின்னால் நின்றது பீரங்கி. நம் நாட்டிலும் அந்நாட்டிலும் பழைய கோட்டையின் பெருமை அதன் உயரத்தில் இருந்தது. ஏணி எட்டாத மதில், அம்பு ஏறாத மதில் என்று சொல்வோம். செஞ்சி மலைமீது ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமை விளங்கும். ஆனால் 1494-இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் நுழைந்தபோது, இரும்புக் குண்டுகளை எறியும் வெண்கலப் பீரங்கிகளை வண்டிகளில் ஏற்றி வந்தார். உயர்ந்து மெலிந்து நின்ற கல் மதில்கள் அந்தக் குண்டுகளுக்கு நல்ல இலக்காயின. மதில் உயர்ந்திருக்க உயர்ந்திருக்க, இடிந்து விழும்போது அகழியைத் தானே தூர்த்துப் பகைவனுக்கு வழியும் போட்டுக் கொடுத்தது!

டியூரர் கண்ட மருந்து, மிகப் பருத்த வட்டக் கொத்தளம். இங்கேதான் ஒரு நுட்பமான சிக்கல் எழுந்தது. மாணவர்கள் ஒரு காகிதத்தில் வட்டக் கோபுரம் ஒன்றை வரைந்து, அதன் இருபுறமும் உள்ள கோபுரங்களிலிருந்து அதைத் தொட்டுச் செல்லும் கோடுகளைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கோடுகள் கோபுரத்துக்கு முன்னே எங்கோ ஓரிடத்தில் சந்திக்கும். அக்கோடுகளுக்கும் கோபுரத்தின் வளைவுக்கும் நடுவே முக்கோணம் போன்ற ஒரு சிறு நிலம் மிஞ்சும். அண்டைக் கோபுரத்திலிருந்து சுடுபவனின் குண்டு அந்த நிலத்தில் விழாது. கோபுரத்தின் உச்சியில் நிற்பவனோ, தலையை வெளியே நீட்டினாலன்றி அதைக் காண முடியாது. பகைவன் அந்த நிழலில் வந்து ஒதுங்கி, நிம்மதியாகச் சுவரின் அடியைத் தோண்டலாம். வெடி மருந்தும் வைக்கலாம்.

இத்தாலியர் கண்ட விடை எளிமையானது. எளிமையான விடைகளுக்குத்தான் காலம் அதிகம் ஆகிறது. மிஞ்சிய அந்த முக்கோண நிலத்தையும் கோட்டைக்குள் சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன? வட்டக் கோபுரம் அம்பின் நுனியைப் போலக் கூர்மையான கொத்தளம் ஆகிவிடும். பகைவன் ஒளிய ஓரடி நிலமும் இராது. ஒவ்வொரு கொத்தளமும் தன் அண்டைக் கொத்தளத்தின் முகத்தைக் காக்கும். மதிலின் உயரம் குறைந்து, பருமன் கூடிற்று. பின்புறம் மண் நிரப்பினார்கள். மண்ணில் விழும் குண்டு புதைந்து போகுமேயன்றி அதைப் பிளக்காது. முன்புறம் அகன்ற அகழி. அகழிக்கு அப்பால் வெளிப்புறமாகத் தாழ்ந்து செல்லும் சரிவு மேடு. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குக் கோட்டை என்று ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாது.

இந்தக் கலையை விளக்கும் நூல்கள் பதினாறாம் நூற்றாண்டில் வெனிஸ் முதலிய நகரங்களிலிருந்து வரிசையாக வெளிவந்தன. மாஜி, காஸ்த்ரியோத்தோ என்னும் இருவர் சேர்ந்து எழுதிய நூல் 1564-இல் வெனிஸில் வந்தது. பிரான்சில் நான்காம் ஹென்றி மன்னரின் பொறியாளராகிய எரார் 1600-இல் வெளியிட்ட நூல், கோட்டையை வடிவ கணிதத்தின் ஒரு கிளையாகவே மாற்றிற்று. 1645-இல் நூல் எழுதிய பகான் பிரபு, முற்றுகை ஒன்றில் ஒரு கண்ணை இழந்தவர். பின்னர் மற்றொரு கண்ணும் போயிற்று. பார்வையிழந்த நிலையில் அவர் சொன்ன வடிவங்களைத்தான் அடுத்த தலைமுறை கண்ணால் பார்த்துக் கட்டிற்று. அந்த அடுத்த தலைமுறையின் தலைமகன் வோபான். பதினான்காம் லூயி மன்னரின் பொறியாளர். கோட்டை கட்டுவதிலும் கோட்டை பிடிப்பதிலும் அவருக்கு ஈடு அவரே.

இந்த நூல்களைப் பார்க்கப் பாரிசுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. பெரிய நூலகங்கள் அவற்றைப் படமெடுத்துக் கணிப்பொறி வழியே எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கின்றன. நானும் வில்லியனூரில் இருந்தபடியே பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறேன். பிரெஞ்சு எழுத்து முழுவதும் விளங்காவிட்டாலும் படம் விளங்கும். நட்சத்திரம் போல் விரிந்த கோட்டைகள்; அளவுகோல்கள்; மூலைகளில் சிறிய எழுத்துக் குறிகள். அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான படங்களில் கோட்டைக்கு வெளியே வெறும் வெள்ளைத் தாள்தான். அந்த வெள்ளைத் தாளில் யார் வாழ்ந்தார்கள் என்பதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இப்போது புதுச்சேரிக்கு வருவோம். பிரான்சுவா மார்த்தேன் 1674-ஐ ஒட்டி இங்கே குடியேற்றத்தை நிலைபெறச் செய்தவர். அவர் முதலில் அமைத்திருந்த அரண் வலுவற்றது; 1693-இல் டச்சுக்காரர்கள் வந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1697-இல் ரிஸ்விக் உடன்படிக்கையின்படி ஊர் திரும்பக் கிடைத்தது. 1699-இல் கைக்கு வந்தது. பட்டறிவு பெற்ற மார்த்தேன் இம்முறை முறையான கோட்டை வேண்டும் என்று முடிவு செய்தார். 1702-இல் தொடங்கி 1706-இல் முடிந்த அந்தக் கோட்டைக்கு லூயி கோட்டை என்று பெயர். கட்டியவர் தெனியோன் என்னும் பொறியாளர். முன்மாதிரியாகக் கொண்டது, இன்று பெல்ஜியத்தில் உள்ள தூர்னே நகரின் கோட்டையை. வோபான் காலத்தில், வோபான் முறையில் எழுந்த ஐங்கோணக் கோட்டை அது. அதைப் போலவே நம் கோட்டைக்கும் ஐந்து மூலைகள், ஐந்து கொத்தளங்கள். 1706 ஆகஸ்டு 25, புனித லூயியின் திருநாளன்று அதற்கு மந்திரிப்பு நடந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31-இல் மார்த்தேன் காலமானார். அக்கோட்டைக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

ஏன் ஐங்கோணம்? சதுரம் கட்டினால் செலவு குறையுமே? இதைப் பத்தாம் வகுப்புக் கணக்காகவே நான் கரும்பலகையில் போட்டுக் காட்டியதுண்டு. வோபானின் முறை இது: ஒழுங்கான பலகோணம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் உள்நோக்கிச் செங்குத்துக் கோடு இட வேண்டும். அதன் நீளம் சதுரமானால் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கு. ஐங்கோணமானால் ஏழில் ஒரு பங்கு. அறுகோணமும் அதற்கு மேலும் ஆறில் ஒரு பங்கு. பிறகு இரு முனைகளிலிருந்தும் அந்தச் செங்குத்தின் நுனி வழியாகக் கோடுகள் இழுக்க வேண்டும். அக்கோடுகளின்மேல் முனையிலிருந்து பக்கத்தின் ஏழில் இரு பங்கு அளந்தால் அதுவே கொத்தளத்தின் முகம். பக்கத்தின் நீளம் சராசரியாக 180 துவாஸ். நம் கணக்கில் ஏறத்தாழ 350 மீட்டர். கொத்தளத்திலிருந்து சுடும் துப்பாக்கிக் குண்டு அண்டைக் கொத்தளத்தின் முனை வரை எட்ட வேண்டும் என்பதே இந்த அளவுக்கு அடிப்படை.

இனிக் கோணத்தைப் பாருங்கள். ஐங்கோணத்தின் உட்கோணம் 108 பாகை. நாம் இழுத்த கோடுகள் ஒவ்வொன்றும் பக்கத்துடன் ஏறத்தாழ 16 பாகை சாய்கின்றன. இருபுறமும் கழித்தால் கொத்தளத்தின் நுனிக்கு 76 பாகை மிஞ்சும். சதுரத்திலோ 90-இல் இருமுறை 14 போக 62 பாகைதான். நுனி கூரக் கூர, குண்டடி பட்டால் எளிதில் உடையும். உள்ளே பீரங்கிகளை நிறுத்தவும் ஆட்கள் திரும்பவும் இடமிராது. 60 பாகைக்குக் கீழே போகலாகாது என்பது அக்காலத்துப் பொறியாளர் விதி. சதுரம் அந்த எல்லையில் தத்தளிக்கிறது. ஐங்கோணம் செலவுக்கும் வலிமைக்கும் நடுவே நிற்கிறது. டாஞ்சன்ட் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த விடை எனக்குக் கிடைத்ததில்லை.

கோட்டை நகரின் நடுவே, கடற்கரையை அடுத்து இருந்தது. இன்றைய பாரதி பூங்காவைச் சூழ்ந்த பகுதி அது. நகரம் அதைச் சுற்றி வளர்ந்ததால் நகரத்துக்கும் மதில் தேவைப்பட்டது. அது 1720-களிலும் 1730-களிலும் எழுந்தது. கடலோர மதிலைத் துய்ப்ளே 1740-களில் முடித்தார். ஆயினும் என் மனம் நிற்பது அந்த மதிலுக்கு அப்பால், வேலியில்.

ஆம், வேலிதான். நகர மதிலுக்கு வெளியே நெடுந்தொலைவில், அரைவட்டமாக, கள்ளியும் கற்றாழையும் முட்செடிகளும் அடர்ந்த அகன்ற வேலி ஒன்றை வளர்த்திருந்தார்கள். அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து வடக்கே கடற்கரை வரை அது வளைந்து சென்றது. வேலியைக் கடந்து வரும் பெருவழிகளில் சிறு காவற்கோட்டங்கள். வில்லியனூர்ச் சாலைக்கு ஒன்று, வழுதாவூர்ச் சாலைக்கு ஒன்று, சென்னைச் சாலைக்கு ஒன்று. தெற்கே அரியாங்குப்பத்தில் ஒரு சிறு கோட்டை. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதை விரிவாக எழுதுகிறார். தமிழ் படித்தவர்களுக்கு இது புதுமையன்று. திருக்குறளில் அரண் என்றோர் அதிகாரமே இருக்கிறது. நீர், வெட்டவெளி, மலை, காடு என்னும் நான்கையும் வள்ளுவர் அரணுக்கு உறுப்பாக எண்ணுகிறார். கோட்டையைச் சூழ வளர்க்கும் காவற்காட்டுக்கு நம் முன்னோர் மிளை என்று பெயரிட்டிருந்தார்கள். நடுவே வோபானின் ஐங்கோணம். ஓரத்தில் நம் மிளை! புதுச்சேரியின் அரண் ஐரோப்பிய நூலிலிருந்து பாதியும் இந்த மண்ணின் வழக்கத்திலிருந்து பாதியுமாக அமைந்தது என்று நான் கருதுகிறேன்.

1748-இல் சோதனை வந்தது. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி போஸ்கவன் பெரும் படையுடன் வந்து, முதலில் அரியாங்குப்பத்துச் சிறு கோட்டையை எளிதாக எண்ணித் தாக்கினார். பல நாள்களையும் பல வீரர்களையும் அங்கேயே இழந்தார். பிறகு நகரத்தின் வடமேற்கே அகழ்வழிகள் தோண்டத் தொடங்கினார். மதிலிலிருந்து 1500 கஜத்துக்கு அப்பால் தொடங்கினார் என்பதைக் கேட்டால் வோபான் சிரித்திருப்பார். கோட்டையை நெருங்க வளைந்து வளைந்து அகழ்வழி தோண்டி, மதிலுக்கு இணையாகக் குறுக்கு அகழிகள் அமைத்து முன்னேறும் முறையை அவர் 1673-இலேயே மாஸ்திரிக்ட் நகரில் நடத்திக் காட்டியிருந்தார். முற்றுகை பற்றிய அவருடைய நூல் 1737-இல் அச்சிலும் வந்துவிட்டது. போஸ்கவனின் அகழ்வழிகளோ சதுப்பில் போய் நின்றன. கப்பல்கள் நகரத்தின் மீது நாள் முழுவதும் குண்டு பொழிந்தன. அதற்குப் பலியானவள் தெருவில் சென்ற ஏழைக் கிழவி ஒருத்தியே என்று ஓர்ம் எழுதுகிறார். ஐப்பசி மழை தொடங்கிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஐரோப்பியரை இழந்து ஆங்கிலேயர் முற்றுகையை எடுத்துக்கொண்டு போனார்கள். துய்ப்ளேயின் துபாஷியாகிய ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாள்களை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு தமிழர், தமிழிலேயே எழுதிய சான்று அது. வரலாறு படிக்கும் மாணவர் எவரும் அதைத் தொடாமல் இருக்கக் கூடாது. அந்த முற்றுகையின்போதுதான் வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது என்பதையும் அந்நாட்குறிப்பு சொல்லுகிறது.

வேலிக்கு இன்னொரு பயனும் இருந்தது. 1752-இல் ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானமாக இருந்தன; இங்கே நவாபுகளின் பெயரால் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. ஆகவே வேலியைத் தாண்டிப் பிரெஞ்சு மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று ஆங்கிலத் தளபதி ஸ்ட்ரிஞ்ஜர் லாரன்சுக்குக் கட்டளை. முட்செடி சட்டமாகிவிட்டது! லாரன்சு பின்வாங்குவது போலப் பாகூருக்கு நகர்ந்தார். துய்ப்ளேயின் உறவினராகிய கெர்ஜான் அதை நம்பி வேலியை விட்டு வெளியே வந்து பின்தொடர்ந்தார். செப்டம்பர் மாதம், விடியும் முன்னரே, பாகூர் வெளியில் இரு படைகளும் துப்பாக்கி முனைக் கத்திகளோடு மோதின. கெர்ஜான் சிறைப்பட்டார். கொத்தளங்களும் கோணங்களும் அன்று யாருக்கும் உதவவில்லை. பாகூர் என்றால் ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில் வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்த செப்பேடு கிடைத்த ஊர். பெரிய ஏரியும் நெல்வயல்களும் உள்ள ஊர். ஆசிரியனாகிய எனக்கு அந்தப் போரைவிட அந்தச் செப்பேடே பெரிது. இருப்பினும் போர் நடந்ததும் அங்கேதான்.

1760-இல் ஐர் கூட் வந்தார். அவர் மதிலைத் தேடி ஓடவில்லை. முதலில் நாட்டுப்புறத்தைப் பிடித்தார். மைசூரிலிருந்து ஹைதர் அலி அனுப்பிய படை, பிரெஞ்சுக்காரருக்கு மாடும் தானியமும் கொண்டுவந்து சேர்க்க முயன்றது.  ஜூலையில் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. செப்டம்பரில் முள்வேலியும் அதன் காவற்கோட்டங்களும் விழுந்தன. கடலில் ஆங்கிலக் கப்பல்கள். நகரத்துக்கு நெல் வந்த வழிகள் எல்லாம் மூடிக்கொண்டன. பாகூர் வயலில் விளைந்த கதிருக்கும் லூயி கோட்டையின் களஞ்சியத்துக்கும் நடுவே ஒரு படை நின்றது.

நவம்பர் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி, உணவு மிச்சப்படுத்துவதற்காக நகரத்துத் தமிழ் மக்களை வெளியேற்றினார். ஆண், பெண், குழந்தை, கிழவர் உட்பட ஏறத்தாழ 1400 பேர். அவர்கள் ஆங்கிலேயர் அணிவகுப்பை நோக்கி நடந்தார்கள். கூட் வழி விட மறுத்தார். பசித்த வாய்கள் உள்ளேயே இருந்தால் கோட்டை விரைவில் பணியும் என்பது அவர் கணக்கு. திரும்பி மதிலை நோக்கி வந்தார்கள், மதிலிலிருந்து சுட்டார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவே, கார்த்திகை மாதத்து வானத்தின் கீழே, எட்டு நாள்கள். புல்லின் வேரைத் தோண்டித் தின்றார்கள் என்று ஓர்ம் எழுதுகிறார். பிறகுதான் ஆங்கிலேயர் வழி விட்டார்கள்.

பழைய நூல்களில் கோட்டைக்கு வெளியே வெள்ளைத் தாள் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அந்த நிலத்துக்கு அந்நூல்கள் வைத்த விதி, மரமோ வீடோ மறைப்போ இன்றி வெட்டவெளியாக இருக்க வேண்டும் என்பது. குண்டு தடையின்றிச் செல்ல வேண்டும். 1400 பேரும் நின்றது அந்தத் தாளின்மேல்தான். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. லாலியின் பெயர் கிடைக்கிறது; 1766-இல் பாரிசில் அவர் தலை வெட்டப்பட்ட நாளும் கிடைக்கிறது.

1761 புத்தாண்டு இரவில் பெரும்புயல் அடித்து ஆங்கிலக் கப்பல்கள் பல சிதைந்தன. நகரத்தார் ஒரு கணம் நம்பிக்கை கொண்டார்கள். ஆயினும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றும் வரவில்லை. ஜனவரி 16-இல், உணவு தீர்ந்த நிலையில், நகரம் பணிந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். ஆங்கிலேயர் லூயி கோட்டையையும் நகர மதிலையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1758-இல் கடலூர் அருகே தங்கள் புனித டேவிட் கோட்டையை லாலி இடித்ததற்கு அது பதில். பொறியாளர் நான்கு ஆண்டு அளந்து கட்டிய கொத்தளங்களை இடிப்பதற்கும் பொறியாளர்தாம் வந்தார்கள். பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் மீண்டும் மதில் எழுப்பினார்கள். 1778-இலும் 1793-இலும் ஆங்கிலேயர் மீண்டும் பிடித்தார்கள். அதை விரித்துச் சொல்ல நேரமில்லை.

நகரத்தைச் சுற்றி முட்டை வடிவில் ஓடும் புல்வார் சாலையை நீங்கள் அறிவீர்கள். பழைய மதில் நின்ற கோட்டின் மீதுதான் அச்சாலை செல்கிறது. விடுமுறை நாளில் ஒரு குழுவாக அதைச் சுற்றி நடந்து, காலடிகளை எண்ணி, வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். எங்கே வளைகிறது, எங்கே நேராகிறது என்று பார்த்தால், கொத்தளம் எங்கே இருந்திருக்கும் என்று நீங்களே வாதாடலாம். முள்வேலிக்கோ அத்தகைய சாலை இல்லை. அது இருந்த நிலத்தில் இப்போது வீடுகள்.

ஆனால் வில்லியனூரும் பாகூரும் ஓரிடத்தில் அழியாமல் நிற்கின்றன. 1783 செப்டம்பர் 3-இல் வெர்சாயில் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையில், புதுச்சேரிக்குச் சுற்றுப்புறமாக வில்லியனூர், பாகூர் ஆகிய இரு மாகாணங்களையும் பெற்றுத் தர இங்கிலாந்து மன்னர் ஒப்புக்கொள்வதாக ஒரு விதி இருக்கிறது. கோட்டை இருந்தும் நெல் இல்லாமல் போன 1760-ஆம் ஆண்டைப் பிரெஞ்சுக்காரர் மறக்கவில்லை போலும். இடையிடையே பிறர் ஆட்சியில் இருந்த ஊர்கள் கலந்தபடியே அந்த எல்லை வகுக்கப்பட்டது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவுக்கு மாறியபோதும், 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டப்படி நிறைவெய்தியபோதும் அந்த எல்லைக் கோடுகள் அப்படியே இருந்தன. இன்றும் பாகூர்ப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் புதுச்சேரி எல்லைப் பலகையையும் தமிழ்நாட்டு எல்லைப் பலகையையும் மாறி மாறிக் காண்கிறார்கள்.